மலையேறிய எலும்பு

1980-களில் தமிழ்நாட்டின் ஏதோ ஓர் அரசு மருத்துவமனையில் கை ஒடிந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரா நீங்கள்? அந்தப் படம் ஊட்டியில் செய்த ஃபிலிமில் பதிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், இந்து நகரில் இருந்தது இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ஊர்க்காரர்களுக்கு அது எச்.பி.எஃப். 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம்; 1967-ல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ முத்திரையோடு கறுப்பு வெள்ளை ஃபிலிம், சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்துதான் மலையிறங்கின.

ஃபிலிமின் உடல் வெறும் பிளாஸ்டிக். அதன் மேல் பூசிய மெல்லிய படலத்தில்தான் எல்லாமே நடக்கிறது. வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், அடியில் படிந்துவிடாமல், ஒளி பட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அவற்றை அப்படிப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். அந்த ஜெலட்டின் மாட்டின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ வருவது. ஒடிந்த எலும்பின் படத்தை இன்னொரு எலும்பின் சாறு தாங்கி நின்றது என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

எலும்பிலும் தோலிலும் இருந்து ஜெலட்டினாகும் அந்தப் புரதத்துக்குக் கொலாஜன் என்று பெயர். கொலாஜன் பவுடர் இன்று நகரத்து மருந்துக் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் புதுச் சரக்காக வந்து நிற்கிறது. தோல் சுருங்காது, முழங்கால் வலிக்காது, முடி கொட்டாது என்கிறார்கள். நீலகிரிக்கு இந்தச் சரக்கு புதிதே இல்லை. தோல் பதனிடுதல், ஃபிலிம், ஜெலட்டின் என்று மூன்று வழிகளில் பல பத்தாண்டுகளாக இந்த மலை கொலாஜனுக்கு வேலை செய்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மலை தன் குளிரையும் தண்ணீரையும் நிலத்தையும் கொடுத்தது. பெரிய லாபம் வேறெங்கோ போனது. அடுத்த சுற்று வாசலில் நிற்கும் இந்த நேரத்தில், பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சீகை மரம் சொல்லும் கணக்கு

முதல் கணக்கு மரத்திலிருந்து தொடங்குகிறது. ஊட்டி, குந்தா, அவலாஞ்சி பக்கம் போகிறவர்கள் பார்க்கும் சீகை மரக்காடுகள் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை இல்லை. வாட்டில் எனப்படும் இந்த ஆஸ்திரேலிய மரம் 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இங்கே வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை அதைப் பெரும் பரப்பில் நட்டதற்குக் காரணம் வேறு. அதன் பட்டையில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. தோல் பதனிடுவதற்கு அது வேண்டும்.

தோலின் திடப்பொருளில் பெரும்பகுதி கொலாஜன் நார். செத்த விலங்கின் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். துவர்ப்புச் சத்து அந்த நார்களுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், அது ஆண்டுக்கணக்கில் கெடாத தோலாகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ஈரோடும் திண்டுக்கல்லும் இந்த வேதியியலால் வாழ்ந்த ஊர்கள். சமவெளியின் தொட்டிகளுக்கு மலை பட்டையைக் கொடுத்தது.

விலை என்ன தெரியுமா? புல்வெளி. சோலையும் புல்வெளியும் மாறி மாறி அமைந்த நீலகிரியின் மேல்தளம் மழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் ஓடைகளுக்கு விடும் அமைப்பு. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அந்தப் புல்லில்தான். அதன் மேல் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஏறின. சீகை தானாகவே பரவி, இனி வேண்டாம் என்றாலும் போகாத மரமாகிவிட்டது. அதை வெட்டி அகற்றிப் புல்வெளியை மீட்க அரசே இப்போது செலவு செய்கிறது. நீதிமன்றம் வரை போன விவகாரம் இது. ஒரு தொழிலுக்கான மூலப்பொருளை மலை மேல் ஏற்றும்போது, அந்தத் தொழிலின் ஆயுளைவிட அதன் தடம் நீண்டு நிற்கும் என்பதற்கு இதைவிடக் கண்ணுக்கு முன்னால் சாட்சி வேண்டியதில்லை.

கடுகு தின்ற மாடு

ஃபிலிமின் கதைக்குத் திரும்புவோம். இதில் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. அது நடந்தது அமெரிக்காவில்.

1920-களில் ராச்செஸ்டர் நகரத்தில் இருந்த கோடாக் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. ஒரே முறையில் ஃபிலிம் செய்தாலும், ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்தது வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும். இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருக்கும். சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் துருவிப் பார்த்தார். நல்ல ஜெலட்டினில் மிக மிகக் குறைந்த அளவில் ஒரு கந்தகச் சேர்மம் ஒட்டிக்கொண்டிருந்தது. கடுகு எண்ணெய்க்கு அந்தக் காரத்தைக் கொடுக்கும் சேர்மத்தின் உறவு அது. மாடு மேய்ந்த கடுகுச் செடி வகைகளிலிருந்து அது தோலுக்கும் எலும்புக்கும் போய், அங்கிருந்து ஜெலட்டினுக்கு வந்திருந்தது. அந்தச் சிட்டிகைக் கந்தகம் வெள்ளிப் படிகத்தில் ஒளியைப் பிடிக்கும் புள்ளிகளை உண்டாக்கியது. 1925-ல் இது வெளியானது. மாடு கடுகை விரும்பித் தின்னாமல் போயிருந்தால் சினிமாவே இருந்திருக்காது என்று கோடாக் ஆய்வுக்கூடத்தின் தலைவர் மீஸ் சொன்னதாக அந்தத் துறையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

கழிவு என்று நாம் தள்ளும் பொருளுக்குள் எதை எதையெல்லாம் விலங்கின் வாழ்க்கை எழுதி வைத்திருக்கிறது என்பதை அந்தக் கண்டுபிடிப்பு காட்டியது. அது என்ன தின்றது, எங்கே வளர்ந்தது, எத்தனை வயதில் இறந்தது என்பதெல்லாம் எலும்பில் இருக்கும். எலும்பிலிருந்து உடலுக்குள் போகும் பொருளைச் செய்கிறவர்கள் எலும்பின் ஊரையும் வரலாற்றையும் விசாரித்தே ஆக வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

எச்.பி.எஃப். 1990-களின் நடுவில் நலிந்த நிறுவனமானது. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு மீள வழியில்லை. 2014-ல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம் அது. ஜெலட்டினில் வெள்ளியைக் கலந்து, முழு இருட்டில், தூசி இல்லாமல், ஒரே சீரான படலமாகப் பூசத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. அந்தத் திறமையை வேறு எதற்கும் பயன்படுத்திக்கொள்ள யாரும் திட்டமிடவில்லை என்பதே என் ஆற்றாமை.

சாண்டிநல்லா

இந்து நகரைத் தாண்டி அதே சாலையில் போனால் காமராஜ் சாகர் அணை வரும். சாண்டிநல்லா அணை என்பது அதன் இன்னொரு பெயர். நீலகிரி செம்மறி என்ற இனத்தைக் காத்து வரும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் சாண்டிநல்லாவில் இருக்கிறது. எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் ஆலை அமைந்ததும் அதே சாண்டிநல்லாவில்தான்.

புரோட்டீன் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்பது அதன் பழைய பெயர். பிறகு அது டாடா குழுமத்தின் ராலிஸ் கைக்கு வந்தது. 2000-களின் தொடக்கத்தில் குஜராத்தின் வடோதரா அருகே பெரிய ஜெலட்டின் ஆலை வைத்திருந்த ஸ்டெர்லிங் பயோடெக் அதை வாங்கியது. அந்த நிறுவனம் வங்கிக் கடன் வழக்குகளில் சிக்கி, 2019-ல் அதைக் கலைத்து விற்க தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஏலத்தில் வாங்க வந்தது அமெரிக்காவின் பர்ஃபெக்ட் டே. மாடே இல்லாமல், நுண்ணுயிரை நொதிக்க வைத்துப் பால் புரதம் செய்யும் நிறுவனம் அது. 2024-ல் அகமதாபாத்தின் ஸைடஸ் மருந்து நிறுவனம் ஸ்டெர்லிங் பயோடெக்கில் பாதிப் பங்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. விலங்குப் புரதமும், விலங்கு இல்லாத புரதமும் ஒரே முதலாளியின் கணக்கில் சேர்ந்து நிற்கும் காலத்துக்கு வந்திருக்கிறோம்.

எலும்பு எப்படி ஜெலட்டின் ஆகிறது? உலகமெங்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். எலும்பை நொறுக்கி, கொழுப்பை வெந்நீரில் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சிய எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் ஊறப் போட்டால் தாது கரைந்து இறங்கிவிடும். எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் கையால் வளைக்கலாம். இதற்கு ஒஸீன் என்று பெயர். கரைந்த தாதுவும் வீணில்லை. அதில் சுண்ணாம்பு சேர்த்தால் டை கால்சியம் பாஸ்பேட் கிடைக்கும். தொழிலில் டி.சி.பி. என்பார்கள். கோழித் தீவனத்திலும் மாட்டுத் தீவனத்திலும் சேர்வது அது.

ஒஸீனைப் பல வாரம் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு வைப்பார்கள். அவசரப்படுத்த முடியாத கட்டம் இது. கொலாஜன் நார்களுக்கு நடுவே உள்ள பிணைப்புகளைச் சுண்ணாம்பு மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். பிறகு நன்றாகக் கழுவி, சூட்டைப் படிப்படியாக ஏற்றி வெந்நீரில் சாறு இறக்குகிறார்கள். முதல் சாறுதான் உயர்ந்த தரம். நன்றாக உறையும், நிறமும் வெளுப்பு. கடைசிச் சாறு பழுப்பாக, உறைதிறன் குறைந்து வரும். வடிகட்டி, சுண்ட வைத்து, குளிர வைத்து, சேமியா போல இழை இழையாகப் பிழிந்து, காய வைத்து அரைத்தால் ஜெலட்டின் தயார். அது எவ்வளவு இறுக உறைகிறது என்பதை புளூம் என்ற அளவால் சொல்வார்கள். 1925-ல் அதற்குக் கருவி செய்த ஆஸ்கர் புளூமின் பெயர் அது. மருந்துக் குளிகையின் ஓடு, ஜெல்லி மிட்டாய், அறுவை சிகிச்சையில் ரத்தத்தை நிறுத்தும் பஞ்சு, தடுப்பூசியைக் கெடாமல் காக்கும் துணைப்பொருள் என்று இதன் வேலை பல.

குளிரூட்டும் எந்திரம் வருவதற்கு முன்னால் ஜெலட்டின் செய்வது குளிர்கால வேலையாக இருந்தது. வெயிலில் சாறு உறையாது; உறைவதற்குள் பாக்டீரியா புகுந்துவிடும். ஊட்டியில் ஆட்டுக்கால் பாயா வைத்து மிச்சத்தை அடுப்படியிலேயே விட்டு வைக்கும் வீடுகளுக்கு இது தெரியும். காலையில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது. மதுரையில் அதே பாயா காலையில் தண்ணீராகவே இருக்கும்.

ஆனால் இந்தத் தொழிலுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். கழுவி விடும் நீரில் உப்பும் சுண்ணாம்பும் புரதக் கரைசலும் கலந்திருக்கும். சரியாகச் சுத்திகரிக்காமல் விட்டால் ஓடையின் உயிர்மூச்சையே அது குடித்துவிடும். கேரளத்தில் சாலக்குடி ஆற்றங்கரையில், காதிக்குடத்தில் உள்ள ஒஸீன் ஆலையை எதிர்த்து ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2013-ல் அது போலீஸ் தடியடி வரை போனது. நீலகிரியின் சாண்டிநல்லா பக்கத்து ஓடைகள் மாயாறாகிப் பவானிசாகரில் சேர்கின்றன. மலையில் கலக்கும் எதுவும் சத்தியமங்கலத்துக்கும் ஈரோட்டுக்கும் வந்து சேரும்.

கிண்டியில் தெரிந்த முறுக்கு

இந்தப் பொருளின் உள்ளமைப்பை உலகுக்குச் சொன்னது சென்னை. இதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறோம்?

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் முதலில் சி.வி.ராமனை அழைத்ததாகவும், ராமன் தன் மாணவரைக் கை காட்டியதாகவும் சொல்வார்கள். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். அடையாறில் 1948-லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கொலாஜன் பற்றிப் பேச ஆள் பக்கத்திலேயே. கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படத்தை வைத்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி இன்னும் துல்லியமாக்கினார்கள்.

தென்னை நாரைத் திரித்துப் புரி ஆக்கி, மூன்று புரியைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு கிடைக்கிறதே, கொலாஜன் அந்தக் கயிறு. மூன்று புரதச் சங்கிலிகள். ஒவ்வொன்றும் இடப்பக்கம் திரிந்தது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகியது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். கயிற்றின் நடுவே வேறு எதற்கும் இடம் கிடையாது. ஹைட்ராக்சி புரோலின் என்ற இன்னோர் அமினோ அமிலம் முறுக்கை இறுக்கிப் பிடிக்கிறது. அதைச் செய்ய உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காமல் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளுக்கு ஈறு கரைந்து, பழைய காயங்கள் மறுபடி திறந்துகொண்டன. ஸ்கர்வி நோய் என்பது கொலாஜன் கயிறு அவிழ்ந்துபோவதுதான்.

மூன்று சங்கிலிக்கு நடுவே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில் பிரான்சிஸ் கிரிக் தரப்போடு ராமச்சந்திரனுக்கு வாதம் நடந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கி வரலாம் என்ற அந்த விவாதத்திலிருந்தே, 1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை. அடையாறு தோல் நிறுவனத்தின் அரங்கத்துக்கு ட்ரிப்பிள் ஹெலிக்ஸ் என்றே பெயர். தீக்காயத்தின் மேல் ஒட்டும் கொலாஜன் படலத்தை உருவாக்கியதும் அந்த நிறுவனம்தான். தோல் தொழிலின் மிச்சத்திலிருந்து மனிதத் தோலுக்கு மருந்து. இந்தத் துறையில் தமிழ்நாடு செய்த வேலைகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

டப்பாவில் இருப்பது என்ன?

ஜெலட்டினை இன்னும் வெட்டினால் கொலாஜன் பெப்டைடு. முழுக் கொலாஜன் கயிற்றின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 3 லட்சம் டால்டன். பெப்டைடில் அது 2,000 முதல் 5,000-க்குள் வந்துவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீரிலும் கரையும், உறையாது, வாசம் அதிகம் இருக்காது. வெட்டும் வேலையைச் செய்வது நொதி. பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் அதற்குப் பயன்படும் நொதிகளில் ஒன்று. மலையடிவாரத்தில், கோவை வேளாண் பல்கலைக்கழகம் பப்பெயினுக்காகவே கோ 2, கோ 5 போன்ற பப்பாளி ரகங்களை உருவாக்கியிருக்கிறது. எலும்பும் நொதியும் அறிவும் நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த இடம் இது. கொச்சியிலிருந்து ஜப்பானியக் கூட்டோடு நிட்டா ஜெலட்டின் பெப்டைடு விற்கிறது; கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் கழிவிலிருந்து பெப்டைடு எடுக்கும் முறையைக் கொடுத்திருக்கிறது. கடலூரில் ஜெலட்டின் ஆலை ஓடுகிறது. நீலகிரி ஜெலட்டினோடு நின்றது.

உடம்புக்குள் போனால் இது என்ன செய்யும்? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கொலாஜன் பெப்டைடு சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் புரோலினும் ஹைட்ராக்சி புரோலினும் சேர்ந்த சிறு துண்டு முழுதாகவே சுற்றுவதைக் காட்டியது. வயிற்றில் எல்லாமே பொடிப்பொடியாகிவிடும் என்ற பழைய எண்ணத்தை அது அசைத்தது. தோலின் ஈரப்பதம், மூட்டு வலி பற்றிய சில சோதனைகளில் நாளுக்கு இரண்டரை கிராம் முதல் பத்து, பதினைந்து கிராம் வரை கொடுத்துப் பலன் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விளம்பரத்தில் அது வராது. மூட்டுக்கு நல்லது என்று எழுதிக்கொள்ள அனுமதி கேட்டபோது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் ஆதாரம் போதவில்லை என்று மறுத்துவிட்டது. 2025-ல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், நிறுவனங்கள் பணம் கொடுக்காத சோதனைகளை மட்டும் தனியே பிரித்தபோது தோலுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. புரதமாகவும் கொலாஜன் முழுமையானதில்லை; டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. முட்டைக்கோ பருப்புக்கோ அது ஈடாகாது. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து இதை வாங்கும் நடுத்தர வீட்டுப் பெண்களிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

நம்பிக்கையின் கேள்வியும் இருக்கிறது. ஜெலட்டின் குளிகையில் மாட்டு எலும்பு இருக்கலாம், பன்றித் தோல் இருக்கலாம். சைவ உணவுக்காரர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதை அறியும் உரிமை உண்டு. உணவுப் பொருளில் சைவக் குறியும் அசைவக் குறியும் கட்டாயம். மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மண்டபம் கடலோரத்தில் விளையும் பாசியிலிருந்து எடுக்கும் அகர் (நம் வீடுகளில் சைனா கிராஸ்) ஜெலட்டினுக்கு மாற்றாக எப்போதும் இருக்கிறது. குளிகைக்கும் தாவர ஓடு வந்துவிட்டது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1907-லிருந்து இயங்கும் அந்த நிறுவனம் நாய்க்கடிக்கான தடுப்பூசியை நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்து செய்தது. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலிருந்து அதைவிடப் பாதுகாப்பான தடுப்பூசி வந்ததும் பழையதைக் கைவிட்டார்கள். கொலாஜனுக்கும் அந்த நேர்மை வேண்டும். விலங்கின் மிச்சத்தைப் பயன்படுத்துவது நல்லது. அதைவிடச் சிறந்தது வந்தால் மாறுவதும் நல்லது.

மலையின் மிச்சத்தை என்ன செய்வது?

இப்போது மலைக்கு என்ன வேண்டும்? சமவெளியின் எலும்பை லாரி லாரியாக மேலே ஏற்றும் இன்னொரு பேராலை வேண்டவே வேண்டாம். அமிலத் தொட்டிக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் ஊட்டியின் ஊற்றுகளைத் தர முடியாது. சீகை மரம் கற்றுக்கொடுத்ததை இன்னொரு முறை காசு கொடுத்துப் படிக்க வேண்டாம்.

ஆனால் மலையிலேயே உருவாகும் கழிவு இருக்கிறது. கோடை சீசனில் ஊட்டி நிரம்பி வழியும்போது ஓட்டல்களின் எலும்பும் கோழிக் கடைகளின் கால், தலை, தோலும் மலை மலையாகச் சேர்கின்றன. ஊட்டியில் அவை போவது தீட்டுக்கல் குப்பைக் கிடங்குக்கு, அல்லது சாலையோரப் பள்ளத்துக்கு. வாடை பிடித்துக் கரடி வருகிறது, பன்றி வருகிறது, நாய்க் கூட்டம் வருகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு இது நேரடியான உயிர்ப் பயம். கொலாஜன் நிறைந்த பொருளைக் காட்டு விலங்குக்குப் பழக்கிவிட்டு, கொலாஜன் பவுடரை டப்பாவில் வாங்கிக் கொண்டிருக்கிறோம்.

குன்னூரின் ஓட்டுப்பட்டறையில் ‘கிளீன் குன்னூர்’ தன்னார்வலர்கள் நகராட்சியோடு சேர்ந்து குப்பையைத் தரம் பிரித்துக் காட்டினார்கள். மலையில் இது முடியும் என்பதற்கு அது போதும். இறைச்சிக் கழிவைத் தனியாக எடுத்து, குளிர்ப்பெட்டி வண்டியில் சேகரித்து, கொழுப்பு நீக்கி, ஆவியில் வேக வைத்து, காய வைப்பது வரை இங்கே செய்யலாம். அமிலமும் சுண்ணாம்பும் தேவைப்படும் கட்டத்தைக் கழிவுநீர் வசதி உள்ள சமவெளி ஆலைகளுக்கு விட்டுவிடலாம். நீராவியில் பதப்படுத்திய எலும்புத் தூள் இந்த மலையின் புளிப்பு மண்ணுக்கு நல்ல பாஸ்பரஸ் உரம். உருளைக்கிழங்கும் கேரட்டும் தேயிலையும் போடும் சிறு விவசாயிக்கு அதுவே உடனடிப் பலன்; பெப்டைடைவிட அதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கோழிக் கால், தோல் போன்றவற்றிலிருந்து நொதி கொண்டு சிறிய அளவில் பெப்டைடு எடுப்பதற்கு அமிலக் குளம் தேவையில்லை. அதற்கு வேண்டியது சுத்தமான அறை, குளிர், கவனமான கைகள், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும் ஆய்வுக்கூடம். எச்.பி.எஃப். இருந்த மலையில் இவை ஒருகாலத்தில் இருந்தன. அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கால்நடைப் பல்கலைக்கழகமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், மாவட்டத்துக்கு ஏற்ற சிறு மாதிரி ஆலை ஒன்றை வடிவமைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. வரும் பொருளில் என்ன இருக்கிறது, எந்த விலங்கு, எந்த ஊர் என்பதை டப்பாவில் தமிழில் எழுத வேண்டும். ஆதாரம் இல்லாத வாக்குறுதி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.

முதல் வேலை எடை போடுவது. நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும் ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆட்டுத் தொட்டியிலிருந்தும் கோழிக் கடைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எலும்பும் தோலும் வெளியேறுகிறது என்று ஓர் ஆண்டு முழுக்க, சீசனிலும் மழைக்காலத்திலும் எடை போட்டு, அந்தக் கணக்கை மக்கள் முன் வையுங்கள். எந்த ஆலையை அனுமதிப்பது, எதை மறுப்பது என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.